மூன்று வயது முதல் ஏழு வயது வரை: விளையாட்டும் வீட்டு வேலையுமாகக் கற்றுக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

"ஆக்டிவிட்டி, ஆக்டிவிட்டி என்கிறார்கள். எது நல்ல ஆக்டிவிட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஆட்டுக்குட்டிப் படத்தில் பஞ்சு ஒட்டுவது, வண்ணத்தாளில் மயில் செய்வது, அப்புறம் அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது. இதில் தப்பில்லை. ஆனால் பாதியை அம்மா வெட்டி, மீதியை அக்கா ஒட்டி, குழந்தை பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தது மட்டும்தான் நடந்தது என்றால், அங்கே கற்றுக்கொண்டது அக்காதான்.

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். குழந்தை தானாக முடிவெடுக்க அதில் ஏதாவது இடம் இருக்கிறதா? தப்பாகப் போனால் நாம் வாயைத் திறக்காமலே அதற்குத் தெரிகிறதா? செய்து முடித்தது யாருக்காவது பயன்படுகிறதா? ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டும் டம்ளரும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இந்த மூன்றும் அதில் இருக்கிறது. "இன்னைக்கு யார் யார் சாப்பிடறோம்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தாத்தா முன்னால் டம்ளர் இல்லை என்றால், அதைக் குழந்தையே பார்க்கும், ஓடிப்போய் எடுத்து வரும். ஆளுக்கு ஒன்று என்று பொருத்திப் பார்க்கும் அந்த வேலைதான் எண்ணிக்கைக்கு அடித்தளம். நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல கணக்குப் பயிற்சிப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

"மூணரை வயசுதான், 100 வரை கடகடவென்று சொல்கிறான். கணக்கில் கெட்டிதானே?"

பாட்டு மாதிரி மனப்பாடமாகச் சொல்லலாம். எண்ணத் தெரியுமா என்பது வேறு விஷயம். ஏழு புளியங்கொட்டையை முன்னால் வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை சரியாகவே தொட்டுத் தொட்டு எண்ணுவான். உடனே "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். நிறையக் குழந்தைகள் இந்த இடத்தில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை, இந்த வயதில் இது சகஜம்.

இன்னொரு சோதனை: குவியலைக் காட்டி "அஞ்சு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். கைநிறைய அள்ளிக் கொடுத்தால், 100 வரை சொல்வதைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு ஐந்துக்குள்ளேயே விளையாடுங்கள். எண்ணும் வேலை வீட்டில் எங்கும் கிடக்கிறது. மாடிப்படி, சட்டைப் பொத்தான், துணி காயப்போடும்போது கிளிப், பூக்கட்டும்போது எடுத்துக் கொடுக்கிற மல்லிகை மொட்டு.

"பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல்லை எல்லாம் கொண்டுவரச் சொல்கிறீர்கள். பழையதன் மேல் ஆசையா, இல்லை உண்மையிலேயே அதில் படிப்பு இருக்கிறதா?"

பழசு என்பதற்காக நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை. ஆடிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஐந்தாங்கல்லில் ஒரு கல்லை மேலே வீசிவிட்டு, அது கீழே வருவதற்குள் தரையில் இருக்கும் நான்கைப் பொறுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக. இரண்டாவதில் இரண்டிரண்டாக. மூன்றாவதில் மூன்றும் ஒன்றும். நான்காவதில் நான்கையும் ஒரே அள்ளு. கவனித்தீர்களா? நான்கு என்கிற எண்ணைப் பல விதமாகப் பிரிக்கலாம் என்பது கை வழியாக உள்ளே போகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வீசிப் பிடிப்பது வராது, ஏழிலும் சிலருக்கு வராது, அதனால் வீசுவதை விட்டுவிடுங்கள். நான்கு கல்லைக் காட்டிவிட்டு, சிலதைக் கைக்குள் மூடிக்கொண்டு, மீதியைத் தரையில் வைத்து "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். பார்க்க முடியாத கல்லை மனதால் எண்ணுவதுதான் கழித்தல். நான்கு சுலபமானதும் ஐந்து, பிறகு ஆறு என்று கூட்டிக்கொண்டே போகலாம். முறை மாற்றி அவர்கள் ஒளித்து வைக்க, நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துவதில் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷமே தனி.

தாயக்கட்டையில் ஒவ்வொரு கட்டைக்கும் 1, 2, 3, அப்புறம் ஒரு வெறும் பக்கம். இரண்டு கட்டையையும் உருட்டி விழுந்ததைக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் எல்லாப் புள்ளியையும் தொட்டுத்தான் எண்ணுவார்கள். சில வாரம் போனால் மூன்றைப் பார்த்ததுமே "மூணு" என்று வைத்துக்கொண்டு "நாலு, அஞ்சு" என்று மேலே தொடர்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நடக்கிற இந்த மாற்றம் கூட்டலில் பெரிய படி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பதில் நியாயம் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது, நல்ல கேள்வி, ஆட்ட விதி அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு 7, மொத்தம் 14 குழி. குழிக்கு 5 காய் போட்டு ஆடுவது பல ஊர் வழக்கம், சின்னவர்களுக்கு 3 போதும். பலகை இல்லையென்றால் முட்டை அட்டை இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், மண் தரை இருந்தால் குழியே தோண்டலாம். ஆரம்பத்தில் கண்ணில் பட்ட குழியை அள்ளுவார்கள். பிறகு ஒருநாள் அள்ளாமல் கை அந்தரத்தில் நிற்கும், கண் மட்டும் குழி குழியாக ஓடும். இதை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனதுக்குள் ஆடிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் தயவுசெய்து "சீக்கிரம் போடு" என்று சொல்லாதீர்கள்.

"எழுத்தை எப்போது ஆரம்பிப்பது? அ, ஆ வரிசையில்தான் போக வேண்டுமா?"

பாடுவதற்கு அ, ஆ வரிசை நல்லது. படிப்பதற்கு அது அவசியமில்லை. 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவோம் என்றால் குழந்தைக்கு அலுத்துவிடும். ட, ப, ம இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், கோடுகளும் எளிது. புள்ளி வைத்தால் ட், ம். இவ்வளவுதான். இப்போதே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் படிக்கலாம். முதல் வாரத்திலேயே "நான் படிச்சுட்டேன்" என்று சொல்ல முடிகிற குழந்தை, அடுத்த எழுத்தைத் தானாகக் கேட்கும். அடுத்ததாக எது வேண்டும் என்பதை அதன் பெயரே சொல்லிவிடும், பெயரின் முதல் எழுத்தைத் தெரிந்துகொள்ள விரும்பாத குழந்தை கிடையாது.

எழுதுவதற்குப் பென்சில் கடைசி. முதலில் மணல், தாம்பாளத்தில் பரப்பிய ரவை, ஈரச் சுவரில் விரல், தரையில் சாக்பீஸ். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவச் சொல்லலாம். இது 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் வழி. மணலுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, கொஞ்சம் தெரிந்த பிள்ளையை இன்னும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அதை அச்சிட்டு வெளியிட, "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நாம் இப்போது வெளிநாட்டு மணல் தட்டை ஆன்லைனில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

"மூணு வயசிலேயே பென்சிலைச் சரியாகப் பிடிக்கச் சொல்கிறார்கள், பிள்ளை அழுகிறது."

விட்டுவிடுங்கள். விரலுக்குப் பலம் வரட்டும். சப்பாத்தி மாவு பிசைய, பட்டாணி உரிக்க, வெங்காயத் தோல் உரிக்க, துணி கிளிப் மாட்ட, ஈரத்துணி பிழியக் கொடுங்கள்.

"சமையலறையில் விடச் சொல்கிறீர்கள். நடக்கிற காரியமா?"

அடுப்பு எரியும்போது வேண்டாம், அதற்கு முன்னால் உள்ள வேலைகளைக் கொடுங்கள். துவரையும் பச்சைப்பயறும் கலந்த ஒரு கை பருப்பை முறத்தில் போட்டுப் பிரிக்கச் சொல்லலாம். பிரித்த பிறகு "வேற எப்படிப் பிரிக்கலாம்?" என்று கேட்டால் நிறத்திலிருந்து அளவுக்குப் போவார்கள், முழுசு, உடைஞ்சது என்று புது வகை சொல்வார்கள். பாட்டி வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் கிடந்தால் அதுதான் பொக்கிஷம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துப் படிக்கு எட்டு ஆழாக்கு என்று தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பாதி, கால், அரைக்கால் எல்லாம் பின்னாலே வகுப்பில் வரும்போது இந்த அரிசி நினைவுக்கு வரும்.

வெந்தயம், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் ராத்திரி ஊறவைத்து ஈரத்துணியில் கட்டுங்கள். எது முதலில் முளைக்கும் என்று ஆளுக்கு ஒன்று பந்தயம் கட்டட்டும். பிறகு தொட்டியில் போட்டு, தினமும் செடி உயரத்துக்கு நூல் வெட்டி நாள்காட்டித் தாளில் வரிசையாக ஒட்டினால், வரைபடம் என்ற பெயரே தெரியாமல் வரைபடம் போட்டுவிடுவார்கள்.

மாவு சிந்தும், ஆமாம். துடைக்கிறதும் அவர்கள் வேலைதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டுமா?"

எந்தத் தப்பு என்பதைப் பொறுத்தது. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். "ரெண்டும் சமமா?" "சமம்." இப்போது குழந்தை கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒல்லியான உயரக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். "இப்போ?" என்றால் பாட்டிலில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை வைத்துத்தான் குழந்தைகள் பெரியவர்களைப்போல் யோசிப்பதில்லை என்று காட்டினார். ஏறக்குறைய ஆறு, ஏழு வயதில்தான் இது மாறுகிறது. "இல்ல கண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று நூறு தடவை சொன்னாலும் நான்கு வயதுக் குழந்தை வாயளவில்தான் ஒப்புக்கொள்ளும். திருப்பி ஊற்றிப் பார்க்க விடுங்கள், "ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு, எனக்கும் சேர்த்துத்தான், இந்தக் காத்திருத்தல்தான் கஷ்டம். கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுவோம்.

வழியில் ஓடுவது, அடுப்பைத் தொடுவது மாதிரியான தப்பை யோசிக்காமல் உடனே தடுங்கள். "நேத்து வருவேன்" என்று சொன்னால் "ஓ, நாளைக்கு வருவியா?" என்று சரியான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், போதும்.

"பையனுக்கு ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை."

நான்கு வயதா? அப்படியென்றால் உட்கார வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பாண்டிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டு, தாண்டும் கட்டத்தின் எழுத்தைக் கத்தச் சொல்லுங்கள். படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாண்டினால் 2, 4, 6. "சிவப்பா மூணு பொருள் கொண்டுவா, ஓடு" என்று வீட்டைச் சுற்ற விடலாம். தெருவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் குலைகுலையா முந்திரிக்கா ஒன்றே போதும், காத்திருப்பது, கவனிப்பது, தோற்பதைத் தாங்குவது எல்லாம் அதில் வந்துவிடும்.

"கோலம் போடச் சொல்கிறீர்கள். ஆம்பளப் பையனுக்கு எதற்கு?"

பென்சிலை யாரும் பெண்பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லையே. 3 புள்ளி 3 வரிசை, நேர்ப்புள்ளி வைத்தாலே இடைவெளி ஒழுங்கு, வரிசை, சமச்சீர் எல்லாம் தொடங்கிவிடும். ஊடுபுள்ளியில் 5, 4, 3 என்று குறைந்துகொண்டே போவதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். சிக்குக் கோலத்தில் கோடு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று விரல் வைத்துத் தொடரச் சொல்லுங்கள். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். ஆக, பையன் தாராளமாகப் போடலாம்.

"எனக்குக் கதை சொல்ல வராது."

கதையை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சொன்ன அதே வார்த்தையில், இலக்கணம் பார்க்காமல், பெரிய எழுத்தில். "பூனை பஸ்ல போச்சு. டிக்கெட் இல்ல. இறங்கிருச்சு." முடிந்தது கதை. கீழே படம் வரையட்டும். அடுத்த நாள் அதைத் திரும்பப் படித்தால், தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் இருப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு எழுத்து எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. விடுகதையும் நல்லது. "ஒரு கிணத்துல ஒரே தவளை" என்று கேட்டுவிட்டு நாக்கை நீட்டுங்கள். பிறகு அவர்களையே ஒன்று கட்டச் சொல்லுங்கள். முதலில் அபத்தமாக வரும், வரட்டும்.

"இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறோம். வீட்டிலும் இங்கிலீஷில் பேச வேண்டுமா?"

உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கிண்டலும் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். இரண்டு மொழியைக் கலந்து பேசும் குழந்தை குழம்பிப் போயிருக்கிறது என்று நினைக்க வேண்டாம், பிரித்தறிய அதற்குத் தெரியும். யோசிக்கக் கற்றுக்கொண்டது தமிழில் என்றால் அது இங்கிலீஷ் வகுப்பிலும் கூடவே போகும்.

"பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள், நோட்டில் ஒன்றுமே இல்லை!"

அதிகம் வருகிற புகார் இதுதான். கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் ஏணிப்படி முறையும்தான் அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. பாய், அட்டை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, கூடவே தரையில் உட்காரும் டீச்சர் என்று வகுப்பறையே மாறியது. கொரோனா விடுமுறைக்குப் பிறகு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக, பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துப் பாடம் போகிறது.

எல்லா வகுப்பிலும் இது நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அட்டை இருந்தும் அதை இன்னொரு பாடப்புத்தகமாக்கி, எல்லோரும் ஒரே அட்டையைச் சேர்ந்து கத்துகிற வகுப்புகளும் உண்டு, பதிவேடு நிரப்பவே பாதி நேரம் போகிறது என்று டீச்சர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நோட்டை வைத்து அளக்காதீர்கள். "இன்னைக்கு என்ன எழுதின?" என்பதை விட்டுவிட்டு "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்ச, யாரோட விளையாடின, எனக்கும் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். நேரமே இல்லை."

தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது பட்டியலில் ஒரு பொருளை மட்டும் படமாகவோ எழுத்தாகவோ குழந்தை எழுதட்டும், அதை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்குவதும் அதன் பொறுப்பு. பஸ் நிறுத்தத்தில் வண்டி எண் படிக்கலாம். துணி மடிக்கும்போது சாக்ஸ் ஜோடி சேர்க்கலாம். கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே பேசுங்கள், அவ்வளவுதான்.

"மொபைலில் நல்ல நல்ல ஆப் இருக்கிறதே?"

இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பதும் அதே உலக சுகாதார நிறுவனப் பரிந்துரைதான். பார்க்கிறதானால் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். புளியங்கொட்டை உருளும், தொலையும், சோபா அடியில் போய் ஒளியும். தேடி எடுப்பதிலும் படிப்பு இருக்கிறது, ஆப்பில் அது கிடையாது.

"என்னென்ன வாங்க வேண்டும்? எதில் எச்சரிக்கை வேண்டும்?"

வாங்க வேண்டியது சாக்பீஸ், பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், அவ்வளவுதான். மீதி எல்லாம் வீட்டில் இருக்கிறது. பாட்டில் மூடி, தீப்பெட்டி, சைக்கிள் கடை வால்வு டியூப் மாதிரி குப்பைப் பொருளிலிருந்து பொம்மை செய்யும் வழிகளை அரவிந்த் குப்தா வருஷக்கணக்காக இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார், தேடிப் பாருங்கள்.

எச்சரிக்கை உண்மையிலேயே வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, சோழி, பட்டாணி, மணி எதையும் எட்டும்படி வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பெரிய பிள்ளைகள் ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போடுவதை ஆட்டத்தின் கடைசி விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த விதைக்குள் கடுமையான விஷம் இருக்கிறது, கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பாட்டி காலத்துப் பெட்டியில் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். தப்பித்தவறி குழந்தை வாயில் போட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மீதி விதையையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.